ஹால் பாதி, மிக்ஸர் பாதி: ஒரே பாட்டு இடத்துக்கு இடம் ஏன் வேற மாதிரி கேக்குது

போன தை மாசம் சொந்தத்துல ஒரு ரிசப்ஷன். மண்டபம் புத்தம் புதுசு, உள்ள போனா கண்ணு கூசுது, கீழ கிரானைட், சுவத்துல பாதி உயரத்துக்கு டைல்ஸ், ஒரு பக்கம் பூரா கண்ணாடி, மேல பெரிய சர விளக்கு. மெல்லிசைக் குழு ஏழு மணிக்கு ஆரம்பிச்சாங்க. பாடின பொண்ணுக்கு நல்ல குரல், கீபோர்டு வாசிச்சவரும் கை தேர்ந்தவர், ஆனா ஆறாவது வரிசைக்குப் பின்னாடி ஒரு வார்த்தை புரியல. எல்லாம் ஒண்ணா கலந்து ஓன்னு ஒரு இரைச்சல். எங்க பெரியப்பா எழுந்து போய் "தம்பி, பாட்டே கேக்க மாட்டேங்குது, சவுண்ட கொஞ்சம் ஏத்துப்பா"ன்னு சொன்னாரு. மிக்ஸர்ல, அதான் எல்லா மைக்கோட சத்தத்தயும் கலந்து ஏத்தி இறக்குற போர்டுல, உக்காந்திருந்த பையன் ஏத்தினான். இன்னும் மோசமாச்சு. இவரு மறுபடி போனாரு, அவன் மறுபடி ஏத்தினான், எட்டரை மணிக்கு பாதிப் பேரு பந்திக்கு எழுந்து போயிட்டாங்க, மீதிப் பேரு காதப் பொத்திக்கிட்டு பேசிட்டிருந்தாங்க.

நான் 12 வருஷமா சவுண்ட் வேலை பாக்குறேன். அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே வரல, ஏன்னா அவன் கையில இருந்தது பாதி வேலைதான், மீதி பாதிய அந்த மண்டபத்தக் கட்டினவங்க முன்னாடியே செஞ்சு முடிச்சிட்டாங்க. மிக்ஸர், கேபிள், ஆம்ப் (சத்தத்துக்கு பலம் குடுக்கற ஆம்ப்ளிஃபயர்), பாக்ஸ் (ஸ்பீக்கர் பெட்டி) வரைக்கும்தான் நம்ம ராஜ்ஜியம், பாக்ஸ விட்டு வெளிய வந்த சத்தம் காதுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஹாலோட ராஜ்ஜியம். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க யூட்யூப்ல ஈக்யூ (கனமான சத்தம், கூர்மையான சத்தத்த தனித்தனியா ஏத்தி இறக்குறது), கம்ப்ரஸர் (திடீர்னு ஏறுற சத்தத்த அடக்குறது)னு நிறைய பாத்துட்டு வர்றாங்க, அதெல்லாம் வேணும்தான், ஆனா ஹாலப் பத்தி யாரும் உக்காத்தி வச்சு சொல்லிக் குடுக்கறதில்ல. அதான் இத எழுதுறேன்.

முதல்ல அடிப்படை. பாக்ஸ்ல இருந்து கிளம்புற சத்தம் ஒரே ஒரு வழியில வர்றதில்ல. நேரா உங்க காதுக்கு ஒண்ணு வருது, இது டைரக்ட் சவுண்ட். அதே சத்தம் சீலிங்ல பட்டு ஒண்ணு, பக்கச் சுவத்துல பட்டு ஒண்ணு, பின் சுவத்துல பட்டுத் திரும்பி ஒண்ணு, அப்புறம் இந்த மூணுமே மறுபடி வேற சுவத்துல பட்டுன்னு ஆயிரக்கணக்குல வந்துட்டே இருக்கும். காத்துல சத்தம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். நம்ம ஊர்ல எல்லாம் அடிக் கணக்குதானே, அதனால மனசுல வச்சுக்க சுலபமா ஒண்ணு சொல்றேன்: ஒரு அடி தூரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட், துல்லியமா கொஞ்சம் கம்மி. இந்த ஒரு கணக்கு கையில இருந்தா எந்த ஹாலுக்குள்ள போனாலும் பாதி விஷயத்த கண்ணாலயே பாத்துச் சொல்லிடலாம்.

நேர் சத்தத்துக்குப் பின்னாடி 30, 40 மில்லிசெகண்டுக்குள்ள வந்து சேர்ற எதிரொலிய நம்ம காது தனியா பிரிச்சுக் கேக்காது, ஒண்ணாச் சேத்துக்கும், குரல் கொஞ்சம் கனமா திடமா கேக்கும், அது நல்லது. அதுக்கு மேல போகப் போக பேச்சு கலங்க ஆரம்பிக்கும். 100 மில்லிசெகண்டு தாண்டி பலமா வந்தா அது தனி எக்கோ. இப்ப 100 அடி நீள ஹால்ல மேடையில நிக்கிற பாடகருக்கு பின் சுவத்துல பட்டுத் திரும்புற சத்தம் 200 அடி பயணம் பண்ணி வருது, அப்படின்னா 175 மில்லிசெகண்டு. தாளம் போட்டுப் பாடுறவருக்கு தன்னோட குரலே தாளத்துக்குப் பிந்தி வந்து இடிக்கும். "எனக்கு ஏதோ பின்னாடி இழுக்குது"ன்னு அவங்க சொன்னா மானிட்டரத் (பாடுறவங்க தங்களக் கேட்டுக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) தொடாதீங்க, திரும்பி பின் சுவரப் பாருங்க.

இந்த எதிரொலிக் கூட்டம் முழுசா அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதுக்கு ஒரு அளவு இருக்கு, ரிவர்ப் டைம்னு சொல்வாங்க. சத்தத்த நிறுத்தினதுல இருந்து அது 60 டெசிபல் (சத்தத்தோட பலத்த அளக்குற அளவு) குறையிற வரைக்கும் ஆகுற வினாடி. இதக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1895ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஃபாக் மியூசியத்துக்குள்ள புதுசா ஒரு லெக்சர் ஹால் கட்டினாங்க, பாடம் நடத்தினா ஒரு எழவும் புரியல. சரி பண்ணச் சொல்லி வாலஸ் சபைன்ங்கற இளம் இயற்பியல் ஆசிரியர்கிட்ட விட்டாங்க. அவர்கிட்ட மைக்கும் கிடையாது மீட்டரும் கிடையாது. ஒரு ஆர்கன் குழாய், ஒரு ஸ்டாப்வாட்ச், தன்னோட காது. ஊர் அடங்கினப்புறம் ராத்திரியில பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டர்ல இருந்து சீட் மெத்தைகளத் தூக்கிட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமா பரப்பி, ஒவ்வொரு தடவையும் குழாய ஊதி நிறுத்தி, சத்தம் எப்ப காதுக்குக் கேக்காமப் போகுதுன்னு அளந்தாரு. வெறும் ஹால்ல ஐந்தரை வினாடி கேட்டுச்சு. மெத்தை கூடக் கூட நேரம் குறைஞ்சுது. விடிஞ்சதும் மெத்தைய எல்லாம் திருப்பிக் கொண்டு போய் வச்சாகணும். இப்படிப் பல ராத்திரி முழிச்சு அவர் எழுதின சூத்திரத்ததான் இன்னைக்கும் உலகம் பூரா போடுறாங்க: ஹாலோட கன அளவ கன மீட்டர்ல எடுத்து 0.161 ஆல பெருக்கி, அதை ஹாலுக்குள்ள இருக்கற சத்தம் உறிஞ்சுற பரப்பால வகுத்தா ரிவர்ப் டைம். ஹால் பெருசானா நேரம் கூடும், உறிஞ்சுற பொருள் கூடினா நேரம் குறையும், அவ்வளவுதான்.

நம்ம ரிசப்ஷன் மண்டபத்துக்கே போட்டுப் பாப்போம். 100 அடி நீளம், 60 அடி அகலம், 20 அடி உயரம்னு வைங்க, அதாவது 30க்கு 18க்கு 6 மீட்டர், கன அளவு 3240. மொத்தச் சுவர், தரை, சீலிங் சேத்து 1656 சதுர மீட்டர். கிரானைட், டைல்ஸ், கண்ணாடி, பூச்சு எல்லாம் மேல படுற சத்தத்துல 100ல 5 பங்கு உறிஞ்சுதுன்னு தாராளமா எடுத்துக்கிட்டாக்கூட 83 சதுர மீட்டர்தான் வருது. ரிவர்ப் 6 வினாடிக்கு மேல! அதே மண்டபத்துல 500 பேரு வந்து உக்காந்தா, ஒரு ஆளுக்கு 0.45 சதுர மீட்டர்னு வச்சா, 225 கூடுது, ரிவர்ப் 1.7 வினாடிக்கு இறங்கிடுது. இது காகிதக் கணக்குதான், நிஜத்துல கதவு, ஜன்னல், நாற்காலின்னு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், ஆனா விஷயம் புரியுதுல்ல? மத்தியானம் காலி மண்டபத்துல சவுண்ட் செக் பண்ணி அழகா செட் பண்ணி வச்சதெல்லாம் சாயங்காலம் பட்டுப்புடவையும் வேட்டியுமா ஜனம் வந்து நிறைஞ்சதும் வேற ஹாலாயிடும். நடு சத்தமும் ட்ரெபிளும் (கூர்மையான மேல் சத்தம்) ஜனத்துல போயிடும், பேஸ் (கனமான கீழ் சத்தம்) மட்டும் அப்படியே நிக்கும். அதனால காலி ஹால்ல ட்ரெபிள் கூசுதேன்னு முழுசா வெட்டி வச்சிடாதீங்க, கூட்டம் வந்தா குரல் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடும். நான் எப்பவும் முதல் பாட்டத்தான் நிஜ சவுண்ட் செக்கா எடுத்துக்குவேன்.

சரி, எத்தனை வினாடி இருந்தா நல்ல ஹால்? வாசிக்கப் போறது என்னங்கறதப் பொறுத்தது. வியன்னாவுல 1870ல திறந்த மூசிக்ஃபெராயின், 1900ல சபைனே ஆலோசனை சொல்லிக் கட்டின பாஸ்டன் சிம்பனி ஹால் ரெண்டுமே செருப்பு டப்பா மாதிரி நீள்சதுர ஹால், உயரம் ஜாஸ்தி, ஆள் நிறைஞ்சிருக்கும்போது 2 வினாடிக்குப் பக்கம் ரிவர்ப். மைக் இல்லாத ஆர்கெஸ்ட்ராவுக்கு அது அமிர்தம், வயலின் நின்னப்புறமும் ஒரு வாசனை மாதிரி நிக்கும். ஆனா அதே ஹால்ல டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் பெரிய பாக்ஸும் வச்சு ராக் பேண்ட் ஏத்தினா எல்லாம் குழம்பு. டென்மார்க்ல 20 ராக் ஹால்கள அளந்து, அங்க வாசிக்கிறவங்களையும் சவுண்ட் இன்ஜினியர்களையும் கேட்டு 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல நல்லதுன்னு பேர் வாங்கின ஹால்கள்ல ரிவர்ப் ஹால் சைஸுக்கு ஏத்த மாதிரி 0.6ல இருந்து 1.2 வினாடிக்குள்ள இருந்துச்சு, முக்கியமா கீழ் பேஸ்லயும் அடக்கமா இருந்துச்சு.

கச்சேரி ரெண்டுக்கும் நடுவுல. குரலுக்கும் வயலினுக்கும் கொஞ்சம் ஹால் வாசனை வேணும், ஒரேயடியா வறண்டு போனா ஆலாபனை காத்துல நிக்காது. ஆனா மிருதங்கத்துக்கு அது விஷம். தனி ஆவர்த்தனத்துல வினாடிக்கு 10 சொல்லு விழுதுன்னு வைங்க. 3 வினாடி ரிவர்ப் உள்ள ஹால்ல ஒரு சொல்லு விழுந்து அடுத்தது விழறதுக்குள்ள பழைய சொல்லோட எதிரொலி வெறும் 2 டெசிபல்தான் குறைஞ்சிருக்கும். 1 வினாடி ஹால்ல 6 டெசிபல் குறைஞ்சிருக்கும். அந்த 4 டெசிபல் வித்தியாசத்துலதான் தகதிமி தனித்தனியா கேக்குறதும் டமடமன்னு உருளுறதும் இருக்கு. வித்வான் 40 வருஷம் சாதகம் பண்ணின விரலு, அதை ஒரு மொட்டைச் சுவரு தின்னுடுது, எனக்கு நெஜமாவே வயிறு எரியும்.

இப்ப பெரியப்பா கேட்டதுக்கு வருவோம், ஏத்தினா ஏன் மோசமாச்சு? ஏன்னா ஃபேடர (மிக்ஸர்ல சத்தத்த ஏத்தி இறக்குற தள்ளு குமிழ்) ஏத்தும்போது நேர் சத்தமும் எதிரொலியும் சேந்தேதான் ஏறுது, ரெண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கு, காதுக்கு வலி மட்டும் கூடுது. பாக்ஸுக்குப் பக்கத்துல நின்னா நேர் சத்தம் ஜாஸ்தி, தள்ளிப் போகப் போக அது குறையும், எதிரொலியோ ஹால் பூரா ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு இடத்துல ரெண்டும் சமமாகும், அதைத் தாண்டி உக்காந்தவங்களுக்கு ஹால் சத்தம்தான் முந்தும். எதிரொலி ஜாஸ்தியான மண்டபத்துல அந்த எல்லை பாக்ஸ்ல இருந்து சில அடியிலயே வந்துடும். அதனால செய்ய வேண்டியது சத்தத்த ஜனத்து மேல விழ வைக்கிறது, சுவத்து மேல விழாமப் பாத்துக்கறது. அன்னைக்கு பிரேக்ல அந்தப் பையன்கிட்ட போய் "தம்பி, நான் ஒரு தடவ பாக்கட்டுமா"ன்னு கேட்டேன், சரிண்ணேன்னு உடனே விட்டான். அங்க மேடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா, மேல இருந்த பாக்ஸ் நேரா கண்ணாடியப் பாத்து நின்னுச்சு. மேல் ரெண்டையும் ஆஃப் பண்ணினோம். கீழ் பாக்ஸ ஸ்டாண்டுல ஏத்தி, முன்பக்கம் தலை குனிஞ்சு பாக்குற மாதிரி பின்னாடி ஒரு கட்டை குடுத்து, உள்பக்கமா ஜனத்தப் பாத்துத் திருப்பினோம். ஏற்கனவே குரலுக்குப் போட்டிருந்த எக்கோ எஃபெக்ட முழுசா எடுத்தோம், ஹாலே இலவசமா குடுக்குது, நாம வேற எதுக்கு? குரல்ல 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ (ஹெர்ட்ஸ்னா வினாடிக்கு எத்தனை அதிர்வு, எண் குறையக் குறைய பேஸ்) வெட்டி, 250 சுத்தி ஒரு 4 டெசிபல் இறக்கி, மொத்த சத்தத்துக்கான மாஸ்டரையும் இறக்கினோம். அடுத்த பாட்டு தொடங்கினதும் எட்டாவது வரிசையில ஒரு பாட்டி உதட்ட அசைச்சு கூடவே பாட ஆரம்பிச்சாங்க. வார்த்தை போய்ச் சேந்திருக்கு, அவ்வளவுதான் எனக்கு வேணும்.

பேஸ் விஷயம் தனி. 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் ஒரு அடி சொச்சம், 50 ஹெர்ட்ஸ்ல அது 7 மீட்டர், ஒரு மினி பஸ் நீளம். அந்த சைஸ் அலைக்கு மெல்லிய திரைச்சீலை, கம்பளம், சுவத்துல ஒட்டுற முட்டை அட்டை எல்லாம் இருக்கிறதே தெரியாது. திரை போட்டா ட்ரெபிள்தான் குறையும், பேஸ் அப்படியே நிக்கும், ஹால் முன்னவிட மந்தமா ஆகும். அது போக, ஹால் நீளத்துக்கும் அகலத்துக்கும் பொருந்துற பேஸ் அலைங்க அங்கயே தங்கி, ஒரு வரிசையில வீங்கியும் அடுத்த நாலு வரிசை தள்ளி காணாமயும் போகும். சுவரோரம் வீங்கும், மூலையில இன்னும் வீங்கும். மிக்ஸர் டேபிள பின் சுவத்தோட ஒட்டிப் போட்டுக் குடுத்தா, பேஸ் ஜாஸ்தின்னு நினைச்சு அங்க உக்காந்தவர் குறைப்பாரு, நடுவுல உக்காந்தவங்களுக்கு பேஸே இருக்காது.

அதனால மிக்ஸர் எங்க வைக்கிறாங்கங்கறதும் ஹால் டிசைன்லதான் சேத்தி. ஏற்பாடு பண்றவங்க எங்கயாவது மூலையில, தூணுக்குப் பின்னாடி, இல்லன்னா பால்கனிக்கு அடியில தள்ளிடுவாங்க. பால்கனிக்கு அடியில சீலிங் தாழ்வு, மேல இருந்து வர்ற சத்தத்த பால்கனி மறைக்கும், ட்ரெபிள் செத்துப் போகும். அங்க இருந்து மிக்ஸ் பண்றவர் தன் காதுக்கு ட்ரெபிள ஏத்துவாரு, முன் வரிசைல இருக்கறவங்க பல்லு கூசும். நடந்து போய்க் கேளுங்க. ஒவ்வொரு ரெண்டு பாட்டுக்கும் ஒரு தடவ எழுந்து ஹால ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, டேப்லட்ல மிக்ஸர் ஓட்டுற வசதி இருந்தா இன்னும் நல்லது.

பால்கனிக்கு அடியில தனி ஸ்பீக்கர் போடறது வழக்கம், ஆனா அதை டிலே பண்ணாம, அதாவது அதுக்குப் போற சத்தத்த கொஞ்சம் தாமதப்படுத்தாம போட்டா பெரிய தப்பு. மேடை பாக்ஸ்ல இருந்து அது 60 அடி தள்ளி இருந்தா, மேடைச் சத்தம் அங்க வந்து சேர 53 மில்லிசெகண்டு ஆகும், ஆனா ஒயர் வழியா போற சிக்னல் அந்த நிமிஷமே வந்துடும், ரெண்டு தடவ கேக்கும். அதனால 53ம், மேல ஒரு 10, 12 மில்லிசெகண்டும் சேத்து டிலே குடுக்கணும். அந்த 10 எதுக்குன்னா, எந்தப் பக்கத்துல இருந்து முதல்ல சத்தம் வருதோ அங்கதான் பாடகர் இருக்காருன்னு மூளை நினைச்சுக்கும், ஹெல்முட் ஹாஸ்ங்கற ஜெர்மன்காரர் 1940கள் கடைசில இத நல்லா ஆராய்ஞ்சாரு. சரியா போட்டா தலைக்கு மேல ஸ்பீக்கர் பாடுறதே தெரியாது, மேடையில இருந்தே வர்ற மாதிரி இருக்கும்.

வடிவத்தப் பத்தி. எதிர் எதிரா மொட்டையா ரெண்டு சுவரு இருந்தா நடுவுல நின்னு கை தட்டிப் பாருங்க, டிர்ர்ருன்னு ஒரு சத்தம் ஓடும், பந்து மாதிரி ரெண்டு சுவத்துக்கும் நடுவுல துள்ளுது. கும்மட்டம் இன்னும் வில்லங்கம், சத்தத்த லென்ஸ் மாதிரி ஒரு இடத்துல குவிச்சுடும். பிஜாப்பூர் கோல் கும்பஸ்ல ஒரு ஓரத்துல கிசுகிசுத்தா எதிர் ஓரத்துல கேக்கும், கை தட்டினா பல தடவ திரும்பி வரும், சுற்றுலாவுக்கு அற்புதம், கச்சேரிக்கு ஆகாது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871ல திறந்த நாள்லயே கும்மட்டத்தால எக்கோன்னு பேராயிடுச்சு, பல வழி பாத்தாங்க, கடைசில 1969ல மேல இருந்து காளான் மாதிரி ஃபைபர் கிளாஸ் தட்டுகளத் தொங்கவிட்டப்புறம்தான் பெரிய அளவுல அடங்கிச்சு. நியூயார்க்ல 1962ல பெரிய நிபுணர வச்சுக் கட்டின ஃபில்ஹார்மோனிக் ஹால்ல, சீட் கூட்டணும்னு முதல் பிளானோட ஷேப்ப மாத்தினாங்க, திறந்ததுல இருந்து குறை, 1976ல உள்ள முழுசா இடிச்சுக் கட்டினாங்க, 2022ல மறுபடி. இன்னும் 200 சீட் வேணும்னு மண்டப பிளானை இழுக்குற நம்ம ஊர்க்காரங்க இத ஒரு தடவ படிக்கணும்.

மைக் கத்துறதுலயும் ஹாலுக்குப் பங்கு உண்டு. மைக்குக்குள்ள போன சத்தம் பாக்ஸ்ல வந்து, சுவத்துல பட்டு, மறுபடி மைக்குக்கே வந்து சுத்திச் சுத்தி வளர்றதுதான் அந்தக் கூவல், சவுண்ட்காரங்க ஃபீட்பேக்னு சொல்வாங்க. மேடைக்குப் பின்னாடி கண்ணாடியோ எல்ஈடி திரையோ இருந்தா மானிட்டர் சத்தம் அதுல பட்டு நேரா மைக் வாய்க்குள்ள வரும். இங்க ஒண்ணு சொல்லிடறேன், கச்சேரி மேடையில "ஃபீட்பேக் கொஞ்சம் ஜாஸ்தி குடுங்கோ"ன்னு கேட்டா பயந்துடாதீங்க, அவங்க மானிட்டரத்தான் அப்படிச் சொல்றாங்க. அப்ப உடனே அவர் குரல மட்டும் ஏத்தாதீங்க, மானிட்டர்ல மிருதங்கம் எவ்வளவு போகுதுன்னு பாத்து அதைக் குறைங்க, முக்கால்வாசி நேரம் அவருக்கு வேண்டியது கெடச்சிடும். நாகஸ்வரம், தவிலுக்கு ஒரு மூடின மண்டபத்துல மைக்கே வேண்டாம், வச்சே ஆகணும்னு யாராவது நின்னா நாகஸ்வரத்துக்கு மட்டும் லேசா.

திறந்த மைதானத்துல எதிரொலித் தொல்லை இல்ல, ஆனா ஹால் குடுக்கற உதவியும் இல்ல. தூரம் ரெட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும், தூக்கிக் குடுக்க சுவரு கிடையாது. 1965 ஆகஸ்ட்ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல பீட்டில்ஸ் 55,000 பேருக்கு மேல முன்னாடி பாடினப்ப மேட்ச் அறிவிப்புக்கு வச்சிருந்த ஸ்டேடியம் ஸ்பீக்கர்லதான் குரல் போச்சு, ஜனத்தோட கூச்சல்ல பாட்டு கேக்கவே இல்ல. இப்ப நீங்க மைதானத்துல பாக்குற, வாழைத்தார் மாதிரி வளைஞ்சு தொங்குற லைன் அரே, 1990கள்ல வந்து பரவினது, தூரத்துக்கு சத்தம் மெதுவா குறையிற மாதிரியும் மேலயும் கீழயும் சிதறாமயும் பாத்துக்கும். அதுவும் போதாத தூரத்துல டிலே டவர், அதாவது நடுவுல நிறுத்தி தாமதம் குடுத்து ஓட்டுற ஸ்பீக்கர் கோபுரம். அங்க வானிலையும் கலந்துக்கும்: வெயில்ல தரை சூடா இருக்கும்போது சத்தம் மேல வளைஞ்சு போயிடும், ராத்திரி தரை குளிர்ந்ததும் கீழ வளைஞ்சு ரெண்டு தெரு தள்ளித் தூங்குறவங்களுக்குப் போகும். நாலு மணிக்கு வச்ச லெவல் ஒம்பது மணிக்கு ஆகாது.

மண்டபம் கட்டப் போறவங்க யாராவது இத படிச்சா ஒரு வேண்டுகோள். கிரானைட்டுக்கும் விளக்குக்கும் போற காசுல ஒரு சின்னப் பங்கு சுவத்துக்குப் போதும். எல்லாச் சுவத்துக்கும் முடியலன்னா மேடைக்கு எதிர்ல இருக்கற பின் சுவர முதல்ல எடுங்க. மரச் சட்டம் அடிச்சு, சுவத்துல இருந்து 4 இஞ்ச் இடைவெளி விட்டு, 4 இஞ்ச் கனத்துக்கு ராக்வூல் (பாறைய உருக்கி இழையாக்கின பஞ்சு) வச்சு, மேல காத்துப் போற துணியா இழுத்துக் கட்டுங்க, வாயால ஊதினா அந்தப் பக்கம் காத்து வரணும், பிளாஸ்டிக் ஷீட்டோ ரெக்ஸினோ போட்டு மூடிடாதீங்க. அடுத்து சீலிங். மிக்ஸருக்கு நடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னாடி, பால்கனிக்கு வெளிய, 6 அடிக்கு 6 அடி இடமும் தரைக்கு அடியில மேடை வரைக்கும் ஒரு பைப்பும் இப்பவே விட்டுடுங்க, அப்புறம் கிரானைட்ட உடைக்க மனசு வராது.